கூடி எழுதுவோர்க்கு ஓர் இடம்

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்திருந்தாள். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவிற் பயின்றவள். இப்பொழுது பல்கலைக்கழகமொன்றில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்து வருகின்றாள். அவளோடு வேறு நால்வர் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். இருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் பேராதனையில், ஒருவர் கடல் கடந்து நோர்வே நாட்டில். ஐவரும் கூடிக் கட்டுரை எழுதவேண்டும். கிணற்று நீர்மட்டத்தைக் கணிக்கும் கணினி நிரல்களையும் கூடியே எழுதவேண்டும். “சேர், இவற்றையெல்லாம் வைத்து வேலை செய்வதற்கு இணையத்தில் எந்த இடத்தைத் தெரிவு செய்யலாம்? ஆளுக்கொரு பெயர் சொல்லுகின்றார்கள்” என்று அவள் கேட்டாள்.

கணினித் துறையைச் சாராத கலைப்பட்டதாரி ஒருவனிடம் இவ்வினாவை ஏன் கேட்டாள் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. இதே வினாவுக்கு ஒருமுறை பிழையான விடையைத் தெரிந்து, அதன் பயனை நான் அனுபவித்தவன் என்பது அவளுக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நானும் அயற்பாடசாலைகளைச் சேர்ந்த ஆசிரியர் இருவரும் சேர்ந்து, தரம் ஆறிற் பயிலும் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஆராயத் தொடங்கினோம். இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து, ஒரு பந்தியை வாசிக்கச் செய்து, அவர்கள் தடுமாறிய சொற்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டோம். பின்னர் கட்டுரையை மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பித் திருத்தினோம். ‘இறுதி’ என்றொரு கோப்பு, ‘இறுதி இரண்டு’ என்றொரு கோப்பு, ‘உண்மையான இறுதி’ என்று மற்றொன்று. யாருடைய திருத்தம் எதிலே இருக்கின்றது என்பது எங்கள் மூவருக்குமே விளங்காத நிலை வந்தது. அப்பொழுது எங்களில் ஒருவர், தாம் பணிபுரிந்த நிறுவனம் தமக்கு வழங்கியிருந்த இணையக் கணக்கில் ஒரு பொதுக் கோப்புறையைத் திறந்து, எல்லாவற்றையும் அதில் வைத்தார். வேலை எளிதாயிற்று. நாங்களும் மகிழ்ந்தோம்.

பின்னர் அவர் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். விதிப்படி அவருடைய கணக்கு மூடப்பட்டது. கோப்புறை அக்கணக்குக்கு உரியது. ஆகவே அதுவும் உடன்மறைந்தது. எங்கள் கையில் எஞ்சியது பென்சிற் குறிப்புகள் நிறைந்த பழைய அச்சுப் பிரதி ஒன்று மாத்திரமே. பிள்ளைகளின் புள்ளிகள் அடங்கிய அட்டவணை கிடைக்கவில்லை. பிள்ளைகளோ அடுத்த வகுப்புக்கு ஏறிவிட்டார்கள். அதே பிள்ளையை அதே வயதில் இன்னொரு முறை வாசிக்கச் செய்வதற்கு யாரால் இயலும்? அக்கட்டுரை இன்றுவரை வெளிவரவில்லை. இதில் எவரையும் குறைகூற நான் துணியேன். உள்ளே புகும் வழியை மூவரும் பார்த்தோம். வெளியே வரும் வழி எது என்று ஒருவரேனும் கேட்கவில்லை. குற்றம் எங்களுடையதே.

ஆராய்ச்சியாளர் கூடி வேலை செய்வதற்குரிய இணையத் தளத்தை எவ்வாறு தெரிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பெயர்களை அடுக்கி இது நன்று, அது தீது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. பெயர்கள் மாறும், கேட்கவேண்டிய கேள்விகள் மாறா.

முதலில், கட்டுரையைத் தவிர இந்த மென்பொருள் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இன்றைய ஆராய்ச்சியிற் பெரும்பகுதி கணக்கீடாகும். நீர்மட்டம், நோய்ப்பரவல், விலைவாசி, சொற்களின் வழக்கு முதலிய எதை ஆராய்ந்தாலும், திரட்டிய எண்களைக் கணினிக்குக் கொடுத்து, ‘இதை இவ்வாறு கூட்டு, இவ்வாறு வகு’ என்று கட்டளைகள் எழுதவேண்டியிருக்கின்றது. அக்கட்டளைத் தொகுதியே ஆராய்ச்சி மென்பொருள். கட்டுரை முடிவை மட்டும் கூறும். முடிவுக்கு வந்த வழி மென்பொருளிலே இருக்கின்றது. வழியை மறைத்து முடிவை மட்டும் காட்டினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன்.

2010ஆம் ஆண்டில், பொருளியற் பேராசிரியர்களாகிய கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரொகொஃப் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு நாட்டின் அரசாங்கக் கடன் அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 90க்கு மேற்படுமாயின், அதன் பொருளாதாரம் சராசரியாக நூற்றுக்கு 0.1 வீதம் வீழ்ச்சியடையும் என்பது அதிற் கண்ட முடிவுகளுள் ஒன்று. அரசுகள் செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதித்தோர் பல நாடுகளில் இக்கட்டுரையை மேற்கோள் காட்டினர். மாசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த தோமஸ் ஹேர்ண்டன் என்பவர் அதே கணக்கைச் செய்து பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே எழுதிக் கேட்டு, அவர்களுடைய எக்செல் அட்டவணையைப் பெற்றுப் பார்த்தபொழுது, சராசரி காணும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிகளை எட்டாமலே நின்றுவிட்டது தெரிந்தது. தரவுகளைச் சேர்த்த முறையிலும், நிறையளித்த முறையிலும் வேறு குறைகள் இருந்தன என்று அவரும் அவருடைய பேராசிரியர் இருவரும் 2013இல் எழுதினர். அவர்கள் கண்ட சராசரி வீழ்ச்சியன்று, நூற்றுக்கு 2.2 வீத வளர்ச்சி. அட்டவணை முதல் நாளிலிருந்தே பலர் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்திருந்தால், இப்பிழை வெளிப்பட மூன்று ஆண்டுகள் சென்றிருக்குமா?

ஆகவே, நாம் தேடும் இடம் வெறும் பெட்டகம் அன்று. யார், எப்பொழுது, எதை, ஏன் மாற்றினார் என்பதைக் காட்டவல்ல இடமாதல் வேண்டும். இத்தேவையின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிவர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அவர்களைப் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகள் பலவற்றைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களை ஆராயவேண்டியிருந்தது. ஏடெழுதியோன் ஒரு சொல்லை மாற்றினால், மாற்றியவன் பெயரும் இல்லை, நாளும் இல்லை, காரணமும் இல்லை. அதனாலன்றோ அவர்கள் ஆண்டுக்கணக்காக உழைக்கவேண்டி வந்தது? எங்கள் மூவருடைய ‘உண்மையான இறுதி’க் கோப்பும் அத்தகைய ஏடுதான், வேறுபாடு, நாங்கள் அதனைச் சில மாதங்களிலே செய்து முடித்தோம் என்பது மாத்திரமே.

இக்குறையைத் தீர்க்கும் கருவிகள் இன்று உள்ளன. அவற்றுட் பெரிதும் வழங்குவது ‘கிற்’ என்பது. அது பிறந்த கதை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை உலகெங்குமுள்ள நிரலாளர்கள் கூடி எழுதி வருகின்றனர். 2002 முதல் அவர்கள் தங்கள் திருத்தங்களை ஒழுங்குபடுத்துவதற்கு, ‘பிற்கீப்பர்’ என்னும் தனியார் நிறுவனக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தினர். 2005இல் அந்நிறுவனம் இலவச அனுமதியை மீட்டுக்கொண்டது. பெரும்பணி நடுவழியில் நின்றது. லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்திலே தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். சில நாட்களுள் அது தன் திருத்தங்களைத் தானே பதியும் அளவுக்கு வந்துவிட்டது. அதுவே கிற். அதன் சிறப்பு யாதெனில், உடனுழைப்போர் ஒவ்வொருவருடைய கணினியிலும் முழுக் களஞ்சியமும், தொடக்கம் முதலான திருத்த வரலாறும், ஒருங்கே படியெடுக்கப்படும் என்பதே. நடுவிலுள்ள இடம் அழிந்தாலும், ஐவரில் ஒருவரிடம் படி இருக்குமாயின் எல்லாவற்றையும் மீட்கலாம். இரவல் வீட்டிலிருந்து ஒருநாள் வெளியேற்றப்பட்டவன் கட்டிய வீடு அது. வெளிவாயில் அகலமாக இருப்பதில் வியப்பில்லை.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். கிற் என்பது கருவி. கிற்ஹப், கிற்லாப் முதலியன அக்கருவியாற் செய்தவற்றை வைத்திருக்கும் இல்லங்கள். கருவி எவருக்கும் உரியதன்று. இல்லங்களுக்கோ உரிமையாளர் உண்டு. 2008இல் தொடங்கிய கிற்ஹப்பை, 2018இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 750 கோடி டொலருக்கு வாங்கியது. அங்கே வேலை செய்வது எளிது; உலகத்து நிரலாளரிற் பெருந்தொகையினர் அங்கே உளர்; ஆதலின் நமது பிழையைச் சுட்டிக்காட்டவும் அங்கே ஆள் கிடைக்கும். இவை பெரிய நன்மைகளே. ஆயினும் பிறர் வீடு பிறர் வீடுதான்.

இவ்வில்லங்களின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். கூகுள் நிறுவனம் 2006இல் மென்பொருட் களஞ்சியங்களுக்கு இலவச இடம் ஒன்றைத் திறந்தது. கூகுள் பெயரைக் கண்டவர்கள் அதற்கு அழிவில்லை என்றே எண்ணியிருப்பர். 2015இல் மூடும் அறிவித்தல் வந்தது. 2016 ஜனவரியில் அது மூடப்பட்டது. கிற்றோரியஸ் என்னும் மற்றோர் இடத்தை 2015இல் கிற்லாப் நிறுவனம் வாங்கி, அவ்வாண்டிலேயே மூடிவிட்டது. பிற்பக்கெற் என்னும் இடம், மேர்க்கூரியல் என்னும் கருவியைப் பயன்படுத்துவோருக்காகவே 2008இல் தொடங்கப்பட்டது. 2020இல் அதே கருவிக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. யாருக்காக வீடு கட்டப்பட்டதோ அவர்களே வெளியேற நேர்ந்தது.

இன்னுமொன்று. 2019இல், அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைச் சட்டங்களுக்கு அமைய, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்து கிற்ஹப்பைப் பயன்படுத்தியோரின் கணக்குகள் மட்டுப்படுத்தப்பட்டன. தனிப்பட்ட களஞ்சியங்களை அவர்களிற் பலர் அணுக இயலவில்லை. ஈரானில் உள்ளோருக்கு 2021இலேதான் அனுமதி பெற்று மீண்டும் திறந்துவிட்டனர். ஆராய்ச்சியாளன் ஒரு பிழையும் செய்யாதிருக்க, அவன் நாட்டுக்கும் வேறொரு நாட்டுக்கும் இடையிலுள்ள பிணக்கு அவனுடைய கோப்பைப் பூட்டிவிடலாம் என்பதே இதன் பாடம்.

ஆகவே அவ்விடங்களுக்குப் போகவே வேண்டாம் என்று நான் கூறவில்லை. மழைக்கு ஒதுங்கும் திண்ணைக்குப் பூட்டுச் சாவி கேட்பார் உண்டோ? போகும்பொழுது, திரும்பும் வழியை அறிந்து போகவேண்டும் என்பதே என் கருத்து.

அவ்வழியை அறிவது எப்படி? அரைநாளில் முடியும் ஒரு சோதனை உண்டு. தெரிந்துகொண்ட தளத்தில் உண்மையான வேலை எதையும் வைப்பதற்கு முன்னர், சிறு கட்டுரை ஒன்றையும் சிறு நிரல் ஒன்றையும் வையுங்கள். இருவர் மூவராக அவற்றைத் திருத்துங்கள், கருத்துரைகள் எழுதுங்கள். பின்னர் எல்லாவற்றையும் வேறொரு கணினிக்குத் தரவிறக்கம் செய்து, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். கோப்பு வந்ததா? திருத்த வரலாறு வந்ததா? கருத்துரைகள் வந்தனவா? கூகுள் டொக்ஸில் எழுதிய கட்டுரையைத் தரவிறக்கினால், கட்டுரை வரும். யார் எந்நாளில் எதை மாற்றினார் என்ற முழு வரலாறும் அதனோடு வாராது. கிற் களஞ்சியத்தைப் படியெடுத்தால், கோப்புகளும் வரலாறும் முழுமையாக வரும். ஆனால் கிற்ஹப் போன்ற இல்லத்தில், ‘இந்தச் சூத்திரம் சரியா?’ என்று நீங்கள் நடத்திய உரையாடல்கள் அப்படியோடு வாரா. அவை அந்நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருப்பவை. வாராதது எது என்று முன்னரே தெரிந்தால், அதனை வேறு வழியிற் காத்துக்கொள்ளலாம்.

வெளிவாயிலுக்கு அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்வி, நம்முட் கணினிப் பழக்கம் மிகக் குறைந்தவர் யார் என்பது. ஐவரில் நால்வர் கிற்றை விரல்நுனியில் வைத்திருக்கலாம். ஐந்தாமவர் நாற்பது ஆண்டுகள் கிணறுகளைக் கண்ட முதியவராயிருக்கலாம். அவருடைய அனுபவமே கட்டுரையின் உயிராயும் இருக்கலாம். அவர் புக இயலாத இடத்தைத் தெரிந்தால், அவர் தம் திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்குவார். அன்றே ‘இறுதி இரண்டு’ மீண்டும் பிறந்துவிடும்.

இதனாலேயே கட்டுரைக்கும் மென்பொருளுக்கும் ஒரே இடத்தைத் தேடி அலைதல் வேண்டியதில்லை என்று எண்ணுகின்றேன். ஒரே இடத்தில் இரண்டையும் செய்து வெற்றிகண்டோரும் உளர். அமெரிக்காவில், பிரின்ஸ்டன் உயர்கல்வி நிறுவகத்தில், 2012–13இற் கூடிய கணிதவியலாளர் இரண்டு டசினுக்கு மேற்பட்டோர், ஏறக்குறைய 600 பக்கங்கொண்ட கணித நூலொன்றைக் கிற்ஹப்பில் வைத்து ஆறு மாதத்துக்குக் குறைந்த காலத்திற் கூடி எழுதி முடித்து, 2013இல் எவரும் இலவசமாகப் படிக்க வெளியிட்டனர். ஆனால் அவர்களுட் பலர் கணினியோடு வாழ்பவர்கள். எழுதியதும் ‘லேடெக்’ என்னும் அச்சமைப்பு மொழியில். லேடெக் கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. ஆதலின் கிற் அதனை வரிவரியாக ஒப்பிட்டு மாற்றத்தைக் காட்டும். வேர்ட் கோப்பை அவ்வாறு வரிவரியாகக் காட்டும் ஆற்றல் அதற்கு இயல்பாக இல்லை.

லேடெக்கில் எழுதுவோர் கூடிப் பணியாற்றுவதற்கென ‘ஓவர்லீஃப்’ என்னும் தளம் உண்டு. வலைப்பக்கத்தைத் திறந்தாற் போதும். இடப்பக்கத்தில் எழுத, வலப்பக்கத்தில் அச்சுப்பக்கம் தோன்றும். முதியவருக்கும் பழக எளிது. இலவசக் கணக்கில் உடன் எழுதுவோர் தொகைக்கு வரையறை உண்டு. அதனை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். முழுக் கட்டுரையையும் எந்நேரமும் ஒரே பொதியாகத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பது அதன் நன்மை. கணிதச் சூத்திரங்கள் இல்லாத கட்டுரைக்குக் கூகுள் டொக்ஸே போதுமானது. அவ்வாறாயின் வாரந்தோறும் ஒரு படியை, நாளைப் பெயரில் இட்டு, உங்கள் கணினியிற் சேமியுங்கள்.

தமிழில் எழுதும் ஆராய்ச்சியாளருக்கு ஒரு சொல். நம் நாட்டிற் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்த கட்டுரைகள் இன்னும் ஏராளமாக உள்ளன. அவற்றிற் கணினி காண்பது தமிழ் எழுத்தை அன்று. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய ஒரு வேடத்தையே காண்கின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். தேடினாலும் சொல் அகப்படாது. ஆகவே கூட்டுப்பணி தொடங்குமுன் எல்லாவற்றையும் யூனிக்கோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்ட தளத்திலே தமிழ்ப் பந்தி ஒன்றை இட்டு, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். லேடெக்கிற் பழைய முறை தமிழுக்கு உதவாது. யூனிக்கோட்டை அறிந்த ‘சீலேடெக்’ அல்லது ‘லுவாலேடெக்’ என்னும் முறையைத் தெரிதல் வேண்டும்.

மூன்றாவது கேள்வி, எதை மறைப்பது, எதைத் திறப்பது என்பது. எங்கள் ஆய்விற் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. ஒரு பிள்ளை வாசிக்கத் தடுமாறினான் என்னும் செய்தி அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் உரியது, ஊருக்கு உரியதன்று. கிற்றின் நினைவாற்றல் இங்கே இடராகும். இன்று ஒரு பெயர்ப்பட்டியலை வைத்து, நாளை அழித்தாலும், வரலாற்றிலே அது நிற்கும். களஞ்சியத்தைத் திறந்தால் அழித்ததும் சேர்ந்தே திறக்கும். ஆகவே பெயர்களை நீக்கி எண்களை இட்ட பின்னரே தரவை உள்ளே வைக்கவேண்டும். கடவுச்சொற்களை ஒருபொழுதும் வைத்தலாகாது. பெருந்தரவுகளை வைப்பதற்கும் அது இடமன்று; கிற்ஹப்பில் 100 மெகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்கமாட்டார்கள்.

திறக்கக்கூடியவற்றைத் திறப்பதனால் வரும் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்பேரலையின் பின், இலங்கைக் கணினியாளர் பலர் தொண்டர்களாய்க் கூடி, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவதற்கு ‘சஹானா’ என்னும் மென்பொருளை எழுதினர். அதனை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு திறந்துவைத்தனர். 2005இற் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுது அங்கும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதை 2006ஆம் ஆண்டுக்கு அது பெற்றது. உரிமம் என்னும் அந்த ஒரு தாள் இல்லாவிடின், நிரல் கண்முன் கிடந்தாலும் அதனை எடுத்தாள எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே, களஞ்சியத்தைத் திறக்கும் நாளிலே உரிமத்தையும் உடன் வைத்தல் வேண்டும்.

இறுதிக் கேள்வி, வேலை முடிந்த பின் அது எங்கே வாழும் என்பது. தச்சன் பட்டறையில் நாற்காலி செய்வான். செய்த நாற்காலியைப் பட்டறையிலேயே விட்டுவைப்பதில்லை. கிற்ஹப்பும் கிற்லாப்பும் ஓவர்லீஃப்பும் பட்டறைகள். முடிந்த பொருளைச் சேர்க்கும் காப்பகங்கள் வேறு. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமாகிய சேர்ன் 2013 முதல் நடத்திவரும் ‘செனோடோ’ அத்தகையது; பண்டைய அலெக்சாந்திரிய நூலகத்தின் முதல் நூலகராகிய செனோடோட்டஸின் பெயரை அதற்கு இட்டனர். அங்கே ஒரு பதிவுக்கு 50 கிகாபைற் வரை கட்டணமின்றி வைக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கும். கட்டுரையில் அவ்வெண்ணைக் குறித்தால், எந்தப் பதிப்பைக் கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதைப் படிப்பவர் ஐயமறக் காணலாம். பிரான்சு நாட்டின் இன்ரியா நிறுவகம் 2016இல் அறிமுகப்படுத்திய ‘சொஃப்ற்வெயார் ஹெரிற்றேஜ்’ காப்பகமோ, உலகத்து மூலநிரல்களைத் தேடிச் சேர்க்கின்றது. நான் முன்னர்க் கூறிய, மூடப்பட்ட இல்லங்களிலிருந்து பல களஞ்சியங்களைக் காத்துத் தந்ததும் அதுவே.

காப்பகத்தைப் பற்றி நம்மவருக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபொழுது, ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியுள்ள நூல்களை மீண்டும் வாங்கலாம். படியில்லாத ஏட்டுச்சுவடிகளை எங்கே வாங்குவது? ஒன்றே ஒன்றாக இருப்பது, எத்துணை உறுதியான கட்டடத்தில் இருப்பினும், காக்கப்பட்டதாகாது. பல படிகளாய்ப் பல இடங்களில் இருப்பதே காப்பு. நூலுக்கு உண்மையான இது, கணினிக் கோப்புக்கும் உண்மையே.

நேயர்களே, என் மாணவிக்கு நான் கூறிய விடையைச் சுருக்கித் தருகின்றேன். மென்பொருளைக் கிற் கருவியாற் பேணுங்கள். அதனைக் கிற்ஹப்பிலோ கிற்லாப்பிலோ வையுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் தன் சொந்தக் கணினியிற் கிற்லாப்பை நிறுவ முன்வருமாயின் இன்னும் நன்று, சேர்ன் நிலையமும் அவ்வாறே செய்கின்றது. கட்டுரையை ஐவரும் புகக்கூடிய இடத்தில் எழுதுங்கள். எந்தக் கணக்கும் ஒருவர் பெயரில் மாத்திரம் இருத்தலாகாது; இருவரேனும் முழு உரிமையோடு இருத்தல் வேண்டும். மாதந்தோறும் ஒருவர் முழுப் படி எடுத்துத் தம் வீட்டுக் கணினியில் வைக்கவேண்டும். வேலை முடிந்த அன்றே காப்பகத்திற் சேருங்கள்.

இரண்டு கிழமை கழித்து அவள் தொலைபேசியிற் பேசினாள். ஐவரும் வெளிவாயிற் சோதனையைச் செய்து பார்த்தார்களாம். கோப்புகள் வந்தன, வரலாறு வந்தது, உரையாடல்கள் வரவில்லை. அதனால், முக்கியமான முடிவு ஒவ்வொன்றையும் காரணத்தோடு எழுதிவைக்க, ‘முடிவுகள்’ என்றொரு சிறு கோப்பைக் களஞ்சியத்தின் உள்ளேயே தொடங்கிவிட்டார்களாம். நான் சொல்லாத ஒன்றை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

எங்கள் பாடசாலையில் இவ்வாண்டும் தரம் ஆறுக்குப் பிள்ளைகள் வந்திருக்கின்றார்கள். வாசிப்பு ஆய்வை முதலிலிருந்து தொடங்குவது என்று நாங்கள் மூவரும் தீர்மானித்துள்ளோம். பிள்ளைகள் வேறு, ஆண்டு வேறு, இழந்தது இழந்ததுதான். ஆனால், இம்முறை முதற் பிள்ளை முதல் வரியை வாசிப்பதற்கு முன்னரே, அவ்வரியைப் பதியும் இடத்துக்கு மூன்று சாவிகள் செய்தாயிற்று.